870-ஐத் தாண்டாத ரேட்டிங்: உங்கள் 20-வது நிமிடத்தைப் பார்த்தேன்

வாசகர் கேள்வி:

வணக்கம் மேடம். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக வேலை பார்க்கிறேன். வயது 27. கல்யாணமாகி ஒன்றரை வருடம். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 டெஃபினிட்டிவ் எடிஷன் என்ற கம்ப்யூட்டர் போர் விளையாட்டில் ஒருவருக்கு ஒருவர் ரேங்க் போட்டி ஆடுகிறேன். காலேஜ் ஹாஸ்டலில் என்னை ஜெயிக்க ஆளே கிடையாது. ஆன்லைனில் ஏழு மாதமாக, 600 ஆட்டத்துக்கு மேல் ஆடியும் ரேட்டிங் 870-ஐச் சுற்றியே நிற்கிறது. 950 வரை போகும், மறுபடி விழுந்துவிடும். கொஞ்சம் ஜெயித்தால் உடனே பலமான ஆளைக் கொண்டுவந்து கோத்துவிட்டு நம்மைத் தோற்கடிக்கிற மாதிரிதான் சிஸ்டத்தையே வைத்திருக்கிறார்களா? விளையாட்டில் இருக்கிற நாடுகளில், தமிழ் பேசுகிறார்கள் என்பதற்காகவே திராவிடர்களை எடுத்து ஆடுகிறேன். அவர்களை விட்டுவிட வேண்டுமா? டீம் ஆட்டத்தில் 1,300 வைத்திருக்கும் நண்பன் கிண்டல் செய்கிறான். 1,300 ரேட்டிங் உள்ள ஐடி ஒன்று விலைக்கு வருகிறது, வாங்கிவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது. தினமும் பெரிய ஆட்டக்காரர்களின் வீடியோ பார்க்கிறேன், பிரயோஜனம் இல்லை. தோற்ற மூன்று ஆட்டங்களின் ரெக்கார்டிங்கை அனுப்பியிருக்கிறேன். தோற்றுவிட்டு வந்து தன்மேல் எரிந்து விழுகிறேன் என்கிறாள் மனைவி. அவள் சொல்வது சரிதான்.

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

கேள்வியோடு ரெக்கார்டிங்கையும் சேர்த்து அனுப்பினீர்களே, அதற்கு முதலில் நன்றி. ரேட்டிங் ஏறவில்லை என்று எனக்கு எழுதுகிறவர்களில் பெரும்பாலானவர்கள் ஆட்டத்தை அனுப்ப மாட்டார்கள். எந்த நாட்டை எடுக்கலாம், எந்த பில்ட் ஆர்டர் (எதை எந்த வரிசையில் போடுவது) நல்லது என்று மட்டும் கேட்பார்கள். ஜுரம் என்று சொல்லிவிட்டு நாடியைக் காட்டாமல் மருந்து கேட்பது போல அது. நீங்கள் நாடியைக் கொடுத்துவிட்டீர்கள். மூன்று ஆட்டங்களையும் இரண்டு முறை பார்த்தேன். முதல் ஆட்டத்தை நிறுத்தி நிறுத்தி, ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே பார்த்தேன். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அரேபியா மேப். நீங்கள் திராவிடர், எதிரே ஃபிராங்க்ஸ். 21-வது நிமிடம் தாண்டியதும் ஆறு நைட்டுகள் (குதிரை வீரர்கள்) உங்கள் மரம் வெட்டும் இடத்துக்குள் நுழைகின்றன. இரண்டே நிமிடத்தில் ஒன்பது வில்லேஜர் (வேலையாட்கள்) போய்விடுகிறார்கள். அதற்குப் பிறகு நீங்கள் எழவே இல்லை. ஃபைலின் பெயரிலேயே "ஃபிராங்க்ஸ் நைட் ஓவர் பவர்" என்று எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். அந்த இடத்தில் நான் ரெக்கார்டிங்கை நிறுத்தி உங்கள் கையிருப்பைப் பார்த்தேன். 410 உணவு, 640 மரம், செலவழிக்காமல் கிடக்கிறது. ஈட்டி வீரரான ஒரு ஸ்பியர்மேனுக்கு 35 உணவு, 25 மரம். பதினோரு ஸ்பியர்மேன் போட்டிருக்கலாம், அதன் பிறகும் ஆறு விவசாய நிலத்துக்கு மரம் மிஞ்சியிருக்கும். குதிரைக்கு எதிராக ஸ்பியர்மேனுக்குத் தனியாகக் கூடுதல் அடி உண்டு என்பது உங்களுக்கே தெரியும். பதினோரு பேர் மரக்கூட்டத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தால் அந்த ஆறு நைட்டும் உள்ளே வர யோசித்திருக்கும்.

ஆனால் நீங்கள் தோற்றது அந்த இடத்திலும் இல்லை. ரெக்கார்டிங்கை இன்னும் பின்னால் தள்ளிக்கொண்டு போனேன். சரியாக 20-வது நிமிடத்தில் உங்களிடம் இருந்த வில்லேஜர் எண்ணிக்கை 29. அதுவரை எதிராளி உங்களில் ஒருவரைக்கூடக் கொல்லவில்லை.

இதை ஒரு பேப்பரில் நீங்களே போட்டுப் பாருங்கள். டவுன் சென்டர் என்ற தலைமைக் கட்டடத்திலிருந்து ஒரு வில்லேஜர் வெளியே வர 25 வினாடி. 20 நிமிடம் என்றால் 1,200 வினாடி. ஆட்டத்தின் இரண்டாவது காலகட்டமான ஃப்யூடல் ஏஜுக்குப் போகும் 130 வினாடி டவுன் சென்டரால் ஆள் போட முடியாது. வில்லேஜருக்கு உயிரைக் கூட்டுகிற லூம் என்ற மேம்பாட்டை எடுக்க 25 வினாடி. இரண்டையும் கழித்தால் மிச்சம் 1,045. அதில் 41 வில்லேஜர் போடலாம். ஆரம்பத்தில் கொடுக்கிற மூவரையும் சேர்த்தால் 44. உங்களிடம் 29. மற்ற 15 பேரையும் யாரும் கொல்லவில்லை. அவர்கள் பிறக்கவே இல்லை. ஆறரை நிமிடம் உங்கள் டவுன் சென்டர் வேலையில்லாமல் நின்றிருக்கிறது.

அந்தப் பதினைந்து பேரின் பெறுமானம் என்ன? ஒரு வில்லேஜர் நிமிடத்துக்குச் சுமார் 20 உணவோ மரமோ கொண்டுவருவார் என்று வைத்துக்கொள்ளலாம். பதினைந்து பேர் என்றால் நிமிடத்துக்கு 300. ஒரு நைட்டின் விலை 60 உணவு, 75 தங்கம், ஆக 135. அதாவது ஒவ்வொரு நிமிடமும் எதிராளியின் இரண்டு நைட்டுக்கு ஈடான பொருள் உங்கள் வீட்டுக்கு வராமலே நின்றுபோயிருக்கிறது. ஆறு நைட் வந்ததில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை.

எங்கே நின்றது என்றும் குறித்திருக்கிறேன். நீங்கள் 22 பாப்புலேஷனில் (மொத்த ஆள் எண்ணிக்கை) ஃப்யூடலுக்கு அழுத்துகிறீர்கள். இடைவிடாமல் ஆள் போட்டிருந்தால் லூமையும் சேர்த்து 7 நிமிடம் 55 வினாடிக்கு அந்தப் பட்டனுக்கு வந்திருக்க வேண்டும். நீங்கள் வந்தது 10:50-க்கு. ஏறக்குறைய மூன்று நிமிடம் முதல் காலகட்டமான டார்க் ஏஜிலேயே போய்விட்டது. அதில் இரண்டு முறை வீடு கட்டாமல் மாட்டிக்கொண்டீர்கள். 25 மரம் கையில் இருக்கிறது, ஆனால் "வீடு தேவை" என்ற எச்சரிக்கை வந்த பிறகுதான் ஆளை அனுப்புகிறீர்கள். ஒரு முறை காட்டுப்பன்றியை இழுத்து வரும்போது அதையே பார்த்துக்கொண்டிருந்ததில் 50 வினாடி போனது. மிச்சம் மூன்றரை நிமிடம் ஃப்யூடல் ஏஜில். எதிராளியின் மரம்வெட்டிகளைத் தேடிப் போன உங்கள் நாலு வீரர்களோடு நீங்களும் போய்விட்டீர்கள். அந்தச் சண்டையை நன்றாகவே ஆடினீர்கள், ஒரு வில்லேஜரைக் கொல்லவும் செய்தீர்கள். அந்த ஒரு ஆளைக் கொல்ல நீங்கள் கொடுத்த விலை, வீட்டில் பிறக்காமல் போன எட்டு பேர். திராவிடர்கள் அடுத்த ஏஜுக்குப் போகும்போது இலவசமாகக் கிடைக்கிற 200 மரம்கூட நாலு நிமிடம் தொடப்படாமல் இருந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் மனம் விட்டுப்போய் எழுதியிருக்கிறீர்கள். உங்களை ஜெயித்தவரின் பக்கத்தையும் திறந்து பார்த்தேன். மூன்றாவது காலகட்டமான காசில் ஏஜுக்கு ஏறிய நேரத்தையும் கழித்துவிட்டுப் பார்த்தால் 20-வது நிமிடத்தில் அவர் 38 வில்லேஜர் வைத்திருக்கலாம். அவரிடம் இருந்தது 33. அவரும் இரண்டு நிமிடம் விட்டிருக்கிறார். அவரும் வீடு கட்ட மறந்திருக்கிறார். அவர் உங்களைவிடக் கெட்டிக்காரர் என்பதற்கு அந்த ஆட்டத்தில் எனக்கு ஒரு அடையாளமும் கிடைக்கவில்லை. குறைவாகச் சிந்தியிருக்கிறார், அவ்வளவுதான். 870-இல் நடக்கிற ஆட்டங்களின் உண்மை இது. இரண்டு பேர் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள், யாருடைய ஓட்டை சிறியதோ அவர் ஜெயிக்கிறார்.

இப்போது சிஸ்டத்தின் மேல் உங்களுக்கு இருக்கிற சந்தேகத்துக்கு வருகிறேன். அது உங்களை நிம்மதியாக ஆட விடாமல் வைத்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

இந்த எண் கணக்கு செஸ்ஸிலிருந்து வந்தது. ஆர்பாட் ஈலோ என்ற ஹங்கேரியில் பிறந்த அமெரிக்க இயற்பியல் பேராசிரியர் உருவாக்கியது. அமெரிக்க செஸ் கூட்டமைப்பு 1960-இலும் உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே 1970-இலும் ஏற்றுக்கொண்டன. அதன் அடிப்படை மிக எளிது. இரண்டு பேரின் எண்ணும் சமம் என்றால் ஆளுக்குப் பாதி வாய்ப்பு. 100 புள்ளி வித்தியாசம் இருந்தால் மேலே இருப்பவர் 100-க்கு 64 ஆட்டம் ஜெயிப்பார் என்று எதிர்பார்க்கலாம். 200 என்றால் 76. எதிர்பார்த்ததைவிட நன்றாக ஆடினால் எண் ஏறும், மோசமாக ஆடினால் இறங்கும். உங்கள் விளையாட்டில் சம எண் உள்ள இருவர் ஆடினால் ஜெயித்தவருக்குச் சுமார் 16 ஏறும், தோற்றவருக்கு அதே 16 இறங்கும்.

இனி உங்கள் 950-ஐப் பாருங்கள். ஐந்து ஆட்டம் தொடர்ந்து ஜெயித்தால் 80 புள்ளி. காசைச் சுண்டினாலும் ஐந்து தலை தொடர்ந்து விழுகிற நாள் வரும். 600 ஆட்டத்தில் அப்படிப் பல நாள் வந்திருக்கும். உங்கள் உண்மையான பலம் 870 என்றால், 950-இல் நிற்கும்போது உங்களுக்கு எதிரே வருகிறவரும் 950-ஐ ஒட்டியவர். அவரை நீங்கள் ஜெயிக்கிற வாய்ப்பு சுமார் 39 சதவீதம். தோற்பீர்கள், மறுபடி 870-க்கு வருவீர்கள். உங்களைத் தோற்கடிக்க யாரும் திட்டம் போடவில்லை. தராசின் முள் தன் இடத்துக்குத் திரும்புகிறது.

ஹாஸ்டல் நினைவு உங்களை எவ்வளவு வருத்துகிறது என்பதும் புரிகிறது. நானும் 2001-இல் கோயம்புத்தூரில் ஒரு பிரவுசிங் சென்டரில் நாலு கம்ப்யூட்டரை ஒயரால் கோத்து இதே விளையாட்டின் பழைய பதிப்பை ஆடியவள். அங்கே எதிரிகள் மாறவே மாட்டார்கள். அதே மூன்று பேர். நாம் கொஞ்சம் தேறினால் அது அன்றைக்கே தெரிந்துவிடும், மூன்று பேரையும் அடித்துவிடுவோம். ஆன்லைனில் நீங்கள் ஒரு படி தேறினால் எதிராளியும் ஒரு படி பலமானவராக மாற்றப்படுகிறார். எனவே எந்த உயரத்தில் நின்றாலும் பாதி ஆட்டம் தோற்றுக்கொண்டே இருப்பீர்கள். 870-இல் இருப்பவரும் பாதி தோற்கிறார், 1,600-இல் இருப்பவரும் பாதி தோற்கிறார். தோல்வியின் எண்ணிக்கையை வைத்துத் தேர்ச்சியை அளந்தால் யாருக்கும் ஆறுதல் கிடைக்காது.

அந்த எண்ணே ஒரு கூட்டத்துக்குள் செய்கிற ஒப்பீடுதான். 2024 மார்ச்சில் ஃபிடே 2,000-க்குக் கீழே இருந்த எல்லாருடைய ரேட்டிங்கையும் ஒரே நாளில் உயர்த்தியது. 1,200 இருந்த குழந்தைக்கு மறுநாள் 1,520. என்னிடம் செஸ் படித்த பிள்ளைகளின் பெற்றோர் சிலர் போன் செய்து சந்தோஷப்பட்டார்கள். முந்தின நாள் இரவு எந்தக் குழந்தையும் கூடுதலாக எதையும் கற்றுக்கொள்ளவில்லை. கீழ்ப்பகுதியில் எண்கள் காலப்போக்கில் சுருங்கிப்போயிருந்ததைச் சரிசெய்தார்கள், அவ்வளவே. உங்கள் நண்பனின் 1,300-ஐயும் இப்படித்தான் பார்க்க வேண்டும். டீம் ஆட்டத்துக்குத் தனிக் கணக்கு, ஒருவருக்கு ஒருவர் ஆட்டத்துக்குத் தனிக் கணக்கு. அதில் கூட ஆடுகிறவர்களின் பலமும் சேர்ந்திருக்கிறது. அந்த 1,300-ஐ உங்கள் 870-க்குப் பக்கத்தில் வைத்துப் பேசுவது கிலோவையும் லிட்டரையும் ஒப்பிடுவது போல. அவர் கிண்டலை நிறுத்த வேண்டும் என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் நேருக்கு நேர் ஆடிப் பாருங்கள்.

ஐடி வாங்குவதைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன். வாங்காதீர்கள். விளையாட்டின் விதிக்கு விரோதம், பணத்தை வாங்கிக்கொண்டு பாஸ்வேர்டை மாற்றிவிட்டால் கேட்பதற்கு நாதியில்லை. அதையெல்லாம் விட்டுவிட்டாலும் கணக்கே இடிக்கிறது. 870 பலம் உள்ளவர் 1,300-இல் உட்கார்ந்தால் 13 ஆட்டத்துக்கு ஒன்று ஜெயிப்பார். மீதிப் பன்னிரண்டும் உதை. ஒவ்வொரு உதைக்கும் எண் இறங்கும். காசு கொடுத்து அந்தப் பன்னிரண்டு தோல்விகளை வாங்க உங்களுக்கு என்ன தலையெழுத்து?

திராவிடர்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இதை எழுதும்போது கொஞ்சம் வருத்தம்தான். 2022-இல் டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா என்ற கூடுதல் பகுதி வந்து, ராஜேந்திர சோழனின் கதை ஒரு முழு கேம்பெய்னாக (கதையாகத் தொடரும் ஆட்டங்களாக) இருக்கிறது என்று தெரிந்ததும் அன்றிரவே உட்கார்ந்து ஆடியவள் நான். வில்லேஜரைக் கிளிக் செய்தால் தமிழில் பதில் வருகிறது என்பதில் இருக்கிற சுகம் எனக்கும் தெரியும். இருந்தாலும் அடுத்த 40 ரேங்க் ஆட்டத்துக்கு அவர்களை ஓரமாக வைத்துவிட்டு, உங்களை அடித்த அந்த ஃபிராங்க்ஸையே எடுங்கள்.

காரணம் இதுதான். திராவிடர்களுக்கு நைட் கிடையாது. அரேபியா மாதிரி திறந்த மேப்பில், எதிராளி என்ன போடுகிறார் என்று பார்த்துப் பார்த்து அதற்குத் தக்கபடி காலாட்படையா, ஈட்டி எறிகிற ஸ்கிர்மிஷரா, யானையா என்று நீங்கள் மாற வேண்டும். அதற்கு மனசில் இடம் வேண்டும். இப்போது உங்கள் மனசு முழுக்க டவுன் சென்டருக்குத் தேவைப்படுகிறது. ஃபிராங்க்ஸில் விவசாயத்துக்கான மேம்பாடுகள் இலவசமாக வந்துவிடும், பழம் பறிப்பதும் வேகம், குதிரைக்கு உயிர் அதிகம். ஃப்யூடலில் ஸ்கௌட் என்ற வேவுக் குதிரை, காசில் ஏஜில் நைட், ஒரே கட்டடம், ஒரே வரிசை. சண்டை சரியில்லை என்றால் குதிரை ஓடிவந்துவிடும், காலாட்படையால் அது முடியாது. யோசிக்க வேண்டிய விஷயங்கள் பாதியாகும். மிச்சமாகிற பாதியை வைத்து வீடு கட்டுங்கள். ராஜேந்திரனின் கேம்பெய்ன் எங்கேயும் போகாது. மேலே ஏறிய பிறகு திராவிடர்களோடு திரும்பி வாருங்கள், முக்கியமாகத் தண்ணீர் மேப்புகளில் அவர்களை எடுங்கள். அவர்களின் அருமை அப்போது இன்னும் நன்றாகத் தெரியும்.

என்ன பயிற்சி என்பதற்கு வருவோம். ரேங்க் ஆட்டத்தைப் பத்து நாள் தொடாதீர்கள். கம்ப்யூட்டரோடு ஆடுங்கள், ஒவ்வொரு முறையும் ஃப்யூடல் பட்டனை அழுத்தியவுடன் நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குங்கள். எட்டரை நிமிடத்துக்கு மேல் ஆகாத ஆட்டம் அது. ஒரு மாலையில் மூன்று முறை போதும். 22 பாப்புலேஷனில், லூமோடு, எட்டரை நிமிடத்துக்குள் அழுத்த வேண்டும், இது ஒன்றே இலக்கு. 7:55 வராவிட்டால் கவலைப்படாதீர்கள். 10:50-இலிருந்து 8:30 என்பதே உங்கள் ஆட்டத்தை அடையாளம் தெரியாமல் மாற்றிவிடும். விளையாட்டுக்குள்ளேயே ஆர்ட் ஆஃப் வார் என்ற பெயரில் பயிற்சி ஆட்டங்கள் இருக்கின்றன. ஆரம்பப் பொருளாதாரத்துக்கு உரியதை எடுத்து வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று போய்ப் பாருங்கள். யாருக்கும் தெரியாமல் எத்தனை முறை வேண்டுமானாலும் தோற்கலாம்.

வீட்டுக்கு ஒரு பழக்கம் சொல்கிறேன். ஒரு வீட்டுக்கு ஐந்து பேர். எனவே இரண்டு இடம் மிச்சம் இருக்கும்போதே அடுத்த வீட்டுக்கு ஆளை அனுப்புங்கள். எச்சரிக்கை வந்த பிறகு அனுப்பினால் ஏற்கெனவே தாமதம். மேலே தெரிகிற உற்பத்தி வரிசையை ஆப்ஷனில் ஆன் செய்து வையுங்கள். அதில் வில்லேஜர் முகம் இல்லை என்றால் டவுன் சென்டர் சும்மா நிற்கிறது என்று அர்த்தம். கார் ஓட்டுகிறவர் கண்ணாடியைப் பார்ப்பது போல ஐந்து வினாடிக்கு ஒரு முறை கண் அங்கே போய் வர வேண்டும். டவுன் சென்டரை மவுஸால் தேடிப் போகிறீர்கள் என்பதையும் ரெக்கார்டிங்கில் பார்த்தேன், திரை ஒவ்வொரு முறையும் மேப்பைக் கடந்து வீட்டுக்கு வருகிறது. அதற்கு ஒரு கீ இருக்கிறது, அதை விரலுக்குப் பழக்குங்கள். சண்டையின் நடுவிலும் கண் நகராமல் ஆள் போட முடியும். முதல் நாலு நாள் எரிச்சலாக இருக்கும், தப்பான கீயை அழுத்துவீர்கள். தாங்கிக்கொள்ளுங்கள்.

பிறகு ரேங்க் ஆட்டம். அதில் ஒரு சங்கடமான காலம் வரும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். டவுன் சென்டரைக் கவனித்தால் சண்டையைக் கோட்டைவிடுவீர்கள். முதல் பத்துப் பதினைந்து ஆட்டத்தில் ரேட்டிங் 870-க்கும் கீழே போகலாம். 820 வரை போனாலும் பழைய ஆட்டத்துக்குத் திரும்பாதீர்கள். செஸ்ஸிலும் இதைத்தான் பார்த்திருக்கிறேன். கண்டபடி தாக்கி ஜெயித்துக்கொண்டிருந்த பையனை, நகர்த்துவதற்கு முன் காவலில்லாத காய் எது என்று எண்ணச் சொன்னால், இரண்டு வாரம் எல்லாரிடமும் தோற்பான். எண்ணுவது பழக்கமான பிறகுதான் கை தானாக ஓடும். உங்கள் பலம் உண்மையில் 100 புள்ளி கூடியிருந்தால் ஆரம்பத்தில் பத்து ஆட்டத்துக்குச் சராசரியாக 45 புள்ளி ஏறும், மேலே போகப் போக வேகம் குறையும். 970-இல் போய் நிலைக்க 40, 50 ஆட்டமாவது பிடிக்கும். அதற்கு முன்னால் எண்ணைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. பார்க்க வேண்டிய எண் 20-வது நிமிடத்தின் வில்லேஜர் கணக்கு. அது உங்கள் கையில் இருக்கிறது, ரேட்டிங் பாதி எதிராளியின் கையில்.

இரண்டாவது ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் நீங்கள் தோற்கவே இல்லை. 28-வது நிமிடத்தில் ஒரு சண்டையில் படை முழுவதும் போனதும் ரிசைன் செய்துவிட்டீர்கள். எதிராளியின் படையும் பாதி போயிருந்தது. உங்களிடம் வில்லேஜர் ஏழு பேர் அதிகம், காசில் (கோட்டை) கட்டப் போதுமான கல்லும் இருந்தது. இனிமேல் ரிசைன் பட்டனுக்குக் கை போகும்போது வில்லேஜர் எண்ணிக்கையைப் பாருங்கள், அது பாதிக்குக் குறையாதவரை ஆடுங்கள்.

வீடியோ பார்ப்பதைக் குறை சொல்லவில்லை. நார்வேயின் தி வைப்பர், கனடாவின் ஹெரா போன்றவர்கள் ஆடுவதைப் பார்ப்பது எனக்கும் பிடிக்கும். ஆனால் பார்க்கிற கண் சண்டையையே தேடும். அவர்கள் சண்டைக்கு நடுவில் ஒரு வில்லேஜரைப் போட்டுவிட்டு வருவது அரை வினாடியில் முடிந்துவிடும், நம் கண்ணில் படாது. உங்களுக்கு இப்போது பயன்படுவது உங்களைத் தோற்கடித்தவரின் பக்கத்திலிருந்து உங்கள் சொந்த ஆட்டத்தைப் பார்ப்பது. எல்லா ஆட்டமும் தானாகவே பதிவாகிறது. ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் அவர் பார்வையில் முதல் 20 நிமிடத்தை மட்டும் வேகமாக ஓட்டிப் பாருங்கள். கால் மணி நேரம் போதும். பார்க்காமல் அடுத்த ஆட்டத்தைத் தொடங்குவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக மூன்றாவது ரெக்கார்டிங். அந்த ஃபைலின் பெயரில் தேதியும் நேரமும் தானாகப் பதிந்திருக்கிறது. இரவு 12:52. மூன்று ஆட்டத்திலும் மோசமானது அதுதான். ஆரம்பத்தில் கிடைக்க வேண்டிய எட்டு ஆடுகளில் நாலைத் தேடவே இல்லை, ஸ்கௌட் ஒரு மூலையில் நின்றுகொண்டிருக்கிறது. அன்றைக்கு அது எத்தனையாவது தோல்வி என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் ஆடிய கையைப் பார்த்தாலே தெரிகிறது. அந்த நேரத்தில் ஆடுகிறவர் 870 இல்லை, 750 கூட இருக்க மாட்டார். பகலில் சேர்த்த புள்ளியை நடு இரவில் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். 950 வரை போய் மறுபடி விழுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மனைவி சொல்வது சரிதான் என்று எழுதியிருந்தீர்கள். அதை எனக்கு எழுதியதைவிட அவரிடம் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், சொல்லியிருக்கிறீர்களா தெரியவில்லை. நாள் முழுக்க பையர், ஷிப்மெண்ட், கெடு தேதி என்று ஓடுகிற வேலை உங்களுடையது. அந்த அலுப்போடு உட்கார்ந்து, தோற்று, இன்னும் ஒன்று ஆடி அதைச் சரிக்கட்டிவிட்டுப் படுக்கலாம் என்று நினைப்பது மனித இயல்பு. ஆனால் தோல்வியைச் சரிக்கட்டுவதற்காக ஆடுகிற ஆட்டத்தில் யாரும் டவுன் சென்டரைப் பார்ப்பதில்லை, நேரே சண்டைக்குத்தான் போவார்கள். எனவே ஒரு நாளைக்கு இரண்டு ரேங்க் ஆட்டம், பத்தரை மணிக்குப் பிறகு புதிதாக ஒன்றும் தொடங்குவதில்லை. இரண்டும் தோற்றால் அன்றைக்கு அவ்வளவுதான், ரெக்கார்டிங்கைப் பார்த்துவிட்டு மூடிவிடுங்கள். இந்த ஏற்பாட்டை வீட்டில் சொல்லிவிட்டே தொடங்குங்கள். பத்தரை ஆனதும் அவர் ஞாபகப்படுத்தட்டும், அப்போது கோபப்படாமல் எழுந்திருங்கள். ரேட்டிங்குக்காகச் சொல்கிற அறிவுரைதான் இது, ஆனால் ரேட்டிங் ஏறாவிட்டாலும் இதை விட்டுவிடாதீர்கள்.

40 ஆட்டம் முடிந்ததும் எனக்கு எழுதுங்கள். ரேட்டிங் எவ்வளவு என்று எழுத வேண்டாம். ஒரு நோட்டில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தேதி, ஃப்யூடல் பட்டனை அழுத்திய நேரம், 20-வது நிமிடத்தில் எத்தனை வில்லேஜர், இந்த மூன்றை மட்டும் குறித்து வைத்து, அந்தப் பக்கங்களைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். வில்லேஜர் எண்ணிக்கை 38-ஐத் தொட்ட முதல் ஆட்டத்தின் ரெக்கார்டிங்கையும், அதில் தோற்றிருந்தாலும் சரி, கூடவே அனுப்பி வையுங்கள். சண்டையை எப்படி ஆடுவது என்று அதை வைத்துப் பேசலாம்.